சாதி நாய் வளர்ப்பும் சமூகப் பொறுப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. கிடுகு வேலியும் படலையும் இருந்த காலத்திலும், அவை மதிலும் இரும்புக் கதவுமாக மாறிவிட்ட இக்காலத்திலும், இரவில் வீட்டைக் காப்பது நாயே. ஆனால், வளவுக்குள் நிற்கும் நாயின் தோற்றம் மாறி வருகின்றது. ஊர் நாய் படுத்திருந்த முற்றத்தில் இன்று அல்சேஷனும் ரொட்வீலரும் லாப்ரடோரும் நிற்கக் காண்கிறோம். 2009 இல் போர் முடிவுற்று, ஏ-9 வீதி ஊடான போக்குவரத்து வழமைக்குத் திரும்பிய பின்னர் தெற்கிலிருந்து குட்டிகளைக் கொண்டுவருவது இலகுவாயிற்று. புலம்பெயர்ந்த உறவினரின் பண உதவியும், ஆளில்லாத பெரிய வீடுகளைக் காக்க வேண்டிய தேவையும், அயலவரிடம் இல்லாதது தம்மிடம் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இந்த நாட்டத்தை வளர்த்துள்ளன.

வாங்குவோர் பெருகினால் விற்போரும் பெருகுவர் என்பது சந்தையின் நியதி. பெட்டை நாயொன்றை வைத்திருப்பவர், அதனை இணை சேர்த்துக் குட்டிகளை விற்றால் ஒரு தொகைப் பணம் கிடைக்கும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், ஆட்டையும் மாட்டையும் வளர்ப்பதில் எம்மவரிடம் உள்ள அனுபவ அறிவு, நாய்களின் இனவிருத்தி விடயத்தில் இன்னும் வேரூன்றவில்லை. எந்த நாயை எந்த வயதில் எதனுடன் இணை சேர்க்கலாம், தாயின் உடல்நிலை எத்தனை ஈற்றைத் தாங்கும், விற்காத குட்டிகளுக்கு யார் பொறுப்பு என்ற வினாக்கள் எழுப்பப்படாமலே வியாபாரம் நடைபெறுகின்றது. அவ்வினாக்களுக்கு உலகின் ஏனைய பகுதிகளில் கண்டறியப்பட்ட விடைகள் யாவை, அவை குடாநாட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

தூய இன நாயை எம்மவர் 'சாதி நாய்' என்றே அழைக்கின்றனர். இச்சொல் வழக்கு தற்செயலானதன்று. பிறப்பை வைத்து உயர்வும் தாழ்வும் கற்பிக்கும் பழக்கத்தை மனிதரிடமிருந்து எடுத்து நாய்க்கும் நாம் பொருத்தியுள்ளோம். தெரு நாயைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'பறையா நாய்' என்ற பெயர், தமிழ்ச் சமூகம் ஒடுக்கிவைத்த ஒரு மக்கட் பிரிவினரின் பெயரிலிருந்து அம்மொழிக்குச் சென்றதாகும். எமது சமூகத்தின் இழிவு இவ்வாறு உலக அகராதிகளில் ஏறி நிற்பதை நினைவிற்கொண்டால், 'இரத்தத் தூய்மை' என்ற சொல்லை நாய் விடயத்திலும் நிதானமாகவே பயன்படுத்துவோம்.

தூய இனம் என்பது உண்மையில் ஒரு பதிவேட்டின் விளைவேயாகும். முறையான நாய்க் கண்காட்சி முதன்முதலில் 1859 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றது. 1873 இல் இலண்டனில் கெனல் கழகம் தோன்றியது. அதன் பின்னரே, ஒவ்வோர் இனத்துக்கும் இன்ன உயரம், இன்ன நிறம், இன்ன காது என்ற இலக்கணம் வகுக்கப்பட்டு, பதிவேட்டில் உள்ள நாய்களுக்குப் பிறந்த குட்டிகள் மாத்திரமே அவ்வினத்தைச் சேர்ந்தவை என்ற விதி உறுதிப்பட்டது. இன்று நாம் பெயர் சொல்லி விலை கேட்கும் இனங்களுட் பெரும்பாலானவை அவற்றின் தற்போதைய வடிவத்தைப் பெற்று ஒன்றரை நூற்றாண்டு அளவே ஆகின்றது.

இலங்கையில் இப்பணியை நீண்டகாலமாக ஆற்றிவருவது இலங்கை கெனல் கழகமாகும். அத்தகைய கழகமொன்று வழங்கும் பரம்பரைச் சான்றிதழ், குட்டியின் தாய் யார், தந்தை யார், பாட்டன் பாட்டி யார் என்பதைக் கூறும். அது பயனுள்ள தகவல். ஆனால், அக்குட்டியின் இடுப்பு மூட்டு சரியாக உள்ளதா, அதன் கண் ஐந்து வயதிலும் தெரியுமா, அதன் தாய் எத்தனை தடவை ஈன்றது என்பவற்றைச் சான்றிதழ் கூறாது. சான்றிதழைக் காட்டி விலையை உயர்த்துபவரும், அதனைப் பார்த்து மயங்கி வாங்குபவரும் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை.

இதனால் தூய இன நாய்களே வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. ஆடு மேய்க்கவும், மோப்பம் பிடிக்கவும், பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த குணங்கள் இவ்வினங்களில் உள்ளன. குட்டி வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும், எத்தகைய சுபாவம் கொண்டதாகும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறிய முடிவதும் ஒரு நன்மையே. அந்த நன்மையைக் காப்பதற்கு வேண்டிய ஒழுங்கைத்தான் பொறுப்புள்ள இனவிருத்தி என்கிறோம்.

நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதன் கேடு

பாடசாலையில் விஞ்ஞானம் கற்றோர் பின்னிடைவான பரம்பரையலகு பற்றி அறிந்திருப்பர். நோயைத் தரக்கூடிய அத்தகைய பரம்பரையலகு ஒன்று ஒரு நாயில் தனித்து இருக்கும்போது நோய் வெளித்தெரியாது. அதே பரம்பரையலகைக் காவும் மற்றொரு நாயுடன் அதனை இணை சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று நோயுடன் பிறக்கும். இரண்டு நோயின்றி அதனைக் காவும். உறவற்ற இரு நாய்கள் ஒரே குறைபாட்டைக் காவுவதற்கான வாய்ப்புக் குறைவு. தந்தைக்கும் மகளுக்கும், ஒரே ஈற்றில் பிறந்த ஆணுக்கும் பெட்டைக்கும் அந்த வாய்ப்பு மிக அதிகம். இவ்வாறான சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் அகவிருத்திக் குணகம் 25 வீதம் எனக் கணிக்கப்படுகின்றது. ஒப்பிட்டு விளங்கிக்கொள்வதாயின், மனிதரில் மச்சான் மச்சாள் மணவுறவில் பிறக்கும் பிள்ளைக்கு அது 6.25 வீதமாகும்.

பதிவேடு மூடப்பட்டிருப்பதால், எண்ணிக்கையில் பெருகிய இனங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரித்தானியாவில் வாழும் ஏறத்தாழ 10,000 பக் இன நாய்களிடையே உள்ள பரம்பரைப் பல்வகைமை, உறவற்ற 50 நாய்களிடையே காணக்கூடியதற்கே சமம் என்று இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் கணித்தனர். நாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவாயின், ஓர் இனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களே உள்ள ஒரு பிரதேசத்தின் நிலை என்ன என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

குடாநாட்டில் இது நிகழக்கூடிய விதம் எளிமையானது. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரே ஈற்றுக் குட்டிகள் சில ஒன்றாகக் கொண்டுவரப்பட்டு, சுன்னாகத்தில் ஒருவருக்கும் கோப்பாயில் ஒருவருக்கும் சாவகச்சேரியில் ஒருவருக்கும் விற்கப்படுகின்றன. ஈராண்டு கழித்துப் பெட்டை நாயின் உரிமையாளர் 'நல்ல கடுவன்' தேடுகிறார். அதே இனத்தில் அருகில் கிடைப்பது அதன் உடன்பிறப்பாகவே இருந்துவிடலாம். எழுதப்பட்ட பதிவு இல்லாதவிடத்து இதனை இரு வீட்டாரும் அறியமாட்டார்கள். ஆட்டுப்பட்டியில் கிடாயைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும் என்பதை அறிந்த எமது விவசாயி, அதே நியதி நாய்க்கும் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தோற்றத்துக்குக் கொடுக்கும் விலை

அல்சேஷன், ரொட்வீலர், லாப்ரடோர் ஆகிய பேரினங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரவலாகக் காணப்படுகின்றது. தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியில் சரிவரப் பொருந்தாமையால் நாய் வளர வளர மூட்டுத் தேய்ந்து, எழுவதும் நடப்பதும் வேதனையாகின்றது. குட்டிப் பருவத்தில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவேதான், பொறுப்புள்ளோர் தாய்க்கும் தந்தைக்கும் வளர்ச்சி முற்றிய பின்னர் கதிர்ப்படம் எடுத்து மூட்டை உறுதிசெய்யாமல் இணை சேர்ப்பதில்லை. லாப்ரடோர் உள்ளிட்ட பல இனங்களில் விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை பறிபோகும் பரம்பரை நோயும் உண்டு. வெள்ளை உடலில் கரும்புள்ளி கொண்ட டல்மேஷன் இனத்தில், ஒரு காதோ இரு காதுகளுமோ கேளாமற் பிறப்பவை ஏறத்தாழ 30 வீதம் என அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. புள்ளி அழகை விரும்பித் தெரிந்தெடுத்த நிறப் பரம்பரையே இக்கேட்டுக்கும் காரணமாயிற்று.

பக், புல்டோக் போன்ற தட்டை முக இனங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாய் மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இரைத்து மூச்சுவிட்டே தன் சூட்டைத் தணிக்கின்றது. மூக்கைக் குறுக்கிக் குறுக்கி அழகு பார்த்ததன் விளைவாக இவ்வினங்களின் மூச்சுக்குழல் நெருக்கப்பட்டுள்ளது. சித்திரை வெயிலில் மதில் சூழ்ந்த சீமெந்து முற்றத்தில் கட்டப்பட்ட இத்தகைய நாய் வெப்ப அதிர்ச்சியால் இறக்கவும் கூடும். பனிப்பிரதேசத்துக்கு உரிய தடித்த உரோமம் கொண்ட ஹஸ்கி போன்றவற்றுக்கும் இது பொருந்தும். குடாநாட்டின் வெப்பத்தையும் உண்ணிக் காய்ச்சலையும் தாங்க இயலாத இனத்தை இங்கு பெருக்குவது, பிறக்கும் முன்னரே அக்குட்டிகளுக்குத் தண்டனை விதிப்பதாகும்.

மேலை நாடுகள் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. 2008 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆவணப் படம் ஒன்று, கண்காட்சியில் பரிசு பெறும் நாய்களின் பரம்பரை நோய்களை வெளிக்கொணர்ந்து பிரித்தானியாவில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதனையடுத்துப் பேராசிரியர் சேர் பற்றிக் பேட்சன் நடத்திய சுயாதீன விசாரணையின் அறிக்கை 2010 இல் வெளியாயிற்று. நெருங்கிய உறவுச் சேர்க்கை, மிகைப்படுத்தப்பட்ட உடல் தோற்றம், கவனிப்பின்றிக் குட்டிகளை உற்பத்தி செய்யும் நிலையங்கள் ஆகியவற்றை அது கண்டித்தது. நோர்வேயில் கவேலியர் இன நாய்களை அவற்றின் பரம்பரை நோய்கள் காரணமாக இனவிருத்தி செய்வது சட்டவிரோதமானது என்று 2022 இல் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடம் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது.

இராசபாளையம் தரும் பாடம்

இதனை மேலைநாட்டாரின் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தமிழருக்கும் சொந்த நாயினங்கள் உள. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊரின் பெயரைத் தாங்கிய இராசபாளையம், தென்மாவட்டங்களுக்குரிய சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன அவற்றுள் முதன்மையானவை. 2005 இல் இந்தியத் தபால் திணைக்களம் வெளியிட்ட நாயின முத்திரைகள் நான்கில் ஒன்று இராசபாளையத்துக்கு உரியது. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நாயே சிறந்தது என்ற விருப்பம் இவ்வினத்தில் தொன்றுதொட்டு வலுப்பெற்றது. விளைவாக, வெண்மையோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடும் அதனைத் தொடர்ந்தது. காவலுக்கென்றே வளர்க்கப்பட்ட நாய், காலடி ஓசையைக் கேளாத நாயாகவும் பிறக்கலாயிற்று.

சுதேச இனங்களைக் காக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றை 1980 களின் தொடக்கத்தில் நிறுவியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால், அங்கு நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில், நிலையத்தை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2016 இல் உத்தரவிட்டது. அரசின் கையில் இருந்தாலும், இனத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டாலும், வாழும் நாயின் நலனைக் கவனியாவிடின் அந்த முயற்சி நிலைக்காது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

இதற்கு நேர்மாறான நல்ல மரபொன்றும் அங்கு உண்டு. கன்னி இன நாயை வளர்த்தோர் அதன் குட்டியை விலைக்கு விற்பதில்லை என்றும், நன்றாகப் பராமரிப்பேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கு அன்பளிப்பாகவே வழங்குவர் என்றும் கூறப்படுகின்றது. குட்டி கைமாறிய பின்னரும் கொடுத்தவருக்கு அதில் அக்கறை உண்டு என்ற இக்கொள்கையைத்தான் இன்றைய நெறிமுறைகள் எழுத்தில் வடித்துள்ளன.

நெறிமுறைகள் யாவை?

இந்திய அரசு 2017 இல் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்குமான விதிகளை வெளியிட்டது. இனவிருத்தியாளர் மாநில விலங்கு நலச் சபையில் பதிவு செய்ய வேண்டும்; பெட்டை நாய் 18 மாதம் நிறையுமுன் இணை சேர்க்கப்படலாகாது; ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்றும் வாழ்நாளில் ஐந்துக்கு மேற்பட்ட ஈற்றும் கூடாது; எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கலாகாது என்பன அவற்றுள் முக்கியமானவை. இங்கிலாந்தின் 2018 ஆம் ஆண்டு விதிகளும் ஆண்டுக்கு ஓர் ஈற்று, எட்டு வார வயது என்ற வரையறைகளைக் கொண்டுள்ளன. 2020 ஏப்ரல் முதல் அங்கு ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகரும் கடைக்காரரும் விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. குட்டியை அது பிறந்த இடத்தில், தாயுடன் வைத்தே வாங்குபவருக்குக் காட்டவேண்டும்.

காலநிலையைக் கருத்திற்கொண்ட முயற்சியும் எமக்கு அண்மையில் நடந்துள்ளது. தமிழ்நாடு அரசு 2024 இல் வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை, ஹஸ்கி, சென்ட் பெர்னாட் போன்ற குளிர்நாட்டு இனங்களையும், மூச்சுத் திணறலுக்கு உள்ளாகும் பக் போன்றவற்றையும் அம்மாநிலத்தில் பெருக்குவதைத் தடுக்க முற்பட்டது. அக்கொள்கை நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தப்பட்டது. எனினும், அதன் அடிப்படைக் கேள்வி குடாநாட்டுக்கும் உரியதே.

இவ்வரையறைகளுக்குக் காரணங்கள் உள. பெட்டை நாய் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முதற் பருவத்தை அடைந்துவிடும். ஆனால், அதன் எலும்பு வளர்ச்சி முற்றியிராது. ஏறத்தாழ 63 நாள் சினைக்காலமும் அதன் பின்னரான பாலூட்டலும் தாயின் உடலை உருக்கிவிடும். ஆண்டுக்கு இரு தடவை ஈனவைப்பது அதனை இயந்திரமாக நடத்துவதாகும். குட்டிக்கோ முதல் எட்டு வாரம் பாலுக்கான காலம் மட்டுமன்று. தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் விளையாடும்போதுதான் கடியின் வலிமையை அடக்கவும், பிறரைக் கண்டு அஞ்சாதிருக்கவும் அது பழகுகின்றது. நான்கு வாரத்தில் பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் குட்டி, பிற்காலத்தில் அஞ்சி அஞ்சிக் கடிக்கும் நாயாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வாறு பார்க்கும்போது, பொறுப்புள்ள இனவிருத்தியாளர் நால்வருக்குக் கடமைப்பட்டவர் எனலாம். தாய் நாய்க்கு வயதும் ஓய்வும் மருத்துவமும். குட்டிக்கு நோயற்ற பெற்றோரும் எட்டு வாரப் பராமரிப்பும். வாங்குபவருக்கு மறைக்கப்படாத உண்மையும் எழுத்து மூலமான பதிவும். ஊருக்கு, எந்தக் குட்டியும் தெருவுக்கு வராது என்ற உத்தரவாதமும் அவர் வழங்க வேண்டும். இறுதியானதே எல்லாவற்றிலும் கடினமானது. வாங்கியவர் எக்காரணத்தால் வளர்க்க இயலாமற் போனாலும், எத்தனை வயதிலும், அந்த நாயைத் திருப்பி ஏற்பேன் என்று ஒப்புக்கொள்ள முடியாதவர் நாயை ஈனவைக்கலாகாது. உலகின் சிறந்த இனவிருத்தியாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம் இது.

தெருவும் நோயும் சட்டமும்

குடாநாட்டில் இந்த உத்தரவாதம் ஏன் இன்றியமையாதது என்பதைச் சந்தைகளும் கோயில் வீதிகளும் கடற்கரைகளும் சொல்லும். விலைபோகாத குட்டிகள், குறிப்பாகப் பெட்டைக் குட்டிகள், உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து விடப்படுவது நாம் அறியாததன்று. கலப்பினமாகிவிட்ட, நோயுற்ற, முதுமையடைந்த சாதி நாய்களும் இவ்வாறே கைவிடப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவும் மருந்தும் விலையேறியபோது, பெரிய நாய்களுக்குத் தீனியிட இயலாது தவித்த வீடுகள் பல. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் போன்ற முயற்சிகள் போற்றத்தக்கவை. எனினும், ஒருவர் இலாபத்துக்காகப் பெருக்கிவிட்டதை இன்னொருவர் தருமத்துக்காகச் சுமப்பது நியாயமான ஏற்பாடாகாது.

கட்டாக்காலி நாய்களின் பெருக்கம் விசர்நாய்க்கடி நோயுடன் தொடர்புடையது. 1973 இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் உயிரிழந்தனர். தடுப்பூசி இயக்கத்தின் பயனாக அண்மைக் காலத்தில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. கட்டாக்காலி நாய்களைக் கொல்வது 2006 இல் கைவிடப்பட்ட பின்னர், தடுப்பூசியும் கருத்தடையுமே எம்மிடம் எஞ்சியுள்ள வழிகளாகும். ஒருபுறம் அரச பணத்தில் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்துகொண்டு, மறுபுறம் கணக்கின்றி வீட்டு நாய்களைப் பெருக்குவது ஓட்டைப் பாத்திரத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்யக் கோரும் 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஆகிய மூன்றும் பிரித்தானியர் காலத்தவை. அவை நோயையும் வதையையும் மனதிற்கொண்டு எழுந்தவை. நாய் இனவிருத்தி ஒரு வணிகமாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை. 1907 இன் சட்டம் விதித்த ஆகக்கூடிய தண்டப்பணம் நூறு ரூபா. இதற்கு மாற்றாக 2006 இல் சட்ட ஆணைக்குழு வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமாகாமலே இழுபட்டது. ஆகவே, சட்டம் வரும்வரை காத்திருப்பது பயன்தராது.

இரு சமூகத்தவருக்கும் உரிய கடமை

நாய் குறித்து எமது இரு சமூகங்களின் நோக்கும் ஒன்றல்ல. குடாநாட்டின் ஊர்தோறும் கோயில் கொண்டிருக்கும் வைரவரின் வாகனம் நாய். அதே நாயை வைரவர் கோயில் வாசலிலேயே கொண்டுவந்து கைவிடும் பக்தியை என்னவென்பது? இஸ்லாத்தில் காவலுக்கும் வேட்டைக்கும் மந்தை மேய்க்கவும் நாய் வளர்க்க அனுமதி உண்டு. பயிற்றப்பட்ட வேட்டை நாய் பற்றியும், குகைவாசிகளுடன் இருந்த நாய் பற்றியும் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவரை இறைவன் மன்னித்த வரலாறு ஹதீஸில் உண்டு. நாய் விற்ற பணம் ஏற்புடையதா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் அதனை ஏற்பதில்லை. அதே வேளை, நாயின் உமிழ்நீர் பட்டால் தூய்மை செய்தாக வேண்டிய மார்க்கக் கடமை முஸ்லிம் அயலவருக்கு உண்டு. நெருக்கமான குடியிருப்பில் பல நாய்களை வைத்து ஈனவைப்பவர் அவரது உரிமையையும், இரவுக் குரைப்பால் உறக்கமிழக்கும் எந்த அயலவரின் உரிமையையும் மதித்துக் கூடும் வேலியும் அமைக்கக் கடமைப்பட்டவர்.

1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோதும், வளர்த்த உயிர்கள் பலவும் வளவுகளில் விடப்பட்டன. அன்று வேறு வழியிருக்கவில்லை. கைவிடப்படுதல் என்றால் என்னவென்று தம் வாழ்வில் கண்ட மக்கள், வழியிருக்கும் காலத்தில் ஓர் உயிரைத் தெருவில் விடுவதற்கு நியாயம் கற்பிக்க இயலாது.

செய்யக்கூடியவை

சட்டம் பின்தங்கியுள்ள இடத்தில் வாங்குபவரே சட்டமாக முடியும். குட்டியை வாங்கச் செல்பவர் முதலில் தாயைக் காட்டுமாறு கேட்கவேண்டும். அதன் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, தந்தை எங்கிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவு உண்டா என்று வினவவேண்டும். கால்நடை வைத்தியரின் கையொப்பமுள்ள தடுப்பூசி, பூச்சி மருந்துப் பதிவைப் பெறவேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. தாயைக் காட்ட மறுப்பவரிடமிருந்தும், கடைக் கூட்டிலோ முகநூல் விளம்பரத்திலோ மட்டும் குட்டியைக் காட்டுபவரிடமிருந்தும் விலகுவதே நன்று. இனவிருத்தி செய்யும் எண்ணமில்லாதவர் தமது நாய்க்குக் கருத்தடை செய்துவிடுதல் வேண்டும்.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் 1901 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை ஏட்டளவில் வைத்திராது நடைமுறைப்படுத்தலாம். குட்டிகளை விற்பவர்களைத் தனியாகக் குறித்துவைக்கும் ஏடு ஒன்றைப் பேணினால், எந்த வளவில் எத்தனை ஈற்று என்பது வெளிச்சத்துக்கு வரும். குடாநாட்டின் கால்நடை வைத்தியர்களும் நாய் வளர்ப்போரும் இணைந்து, இணை சேர்க்கும் நாய்களின் பரம்பரையையும் மருத்துவ நிலையையும் பதியும் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினால், உடன்பிறப்புகளை அறியாமல் இணை சேர்க்கும் நிலை நீங்கும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒழுங்கும் போதும். சிக்கலான பரிசோதனைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் உதவியை நாடலாம்.

நல்ல நாய் வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. ஆனால், நன்மை என்பது நாயின் நிறத்திலோ காதிலோ சான்றிதழிலோ இல்லை. அது வேதனையின்றி நடக்கிறதா, மூச்சுவிடுகிறதா, இறுதிவரை ஒரு வீட்டில் வாழ்கிறதா என்பதில் உள்ளது. இவற்றுக்குப் பொறுப்பேற்க ஆயத்தமானவர் மட்டும் நாயை ஈனவைக்கட்டும். ஏனையோர் ஊர் நாய்க் குட்டியொன்றை எடுத்துத் தடுப்பூசி ஏற்றி வளர்க்கட்டும். இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்த நாயும் படலையில் ஆளரவம் கேட்டால் குரைக்கவே செய்யும்.